போஸ்ட்மார்ட்டம் அண்ணனும் பதினோரு நட்டும்

“…அதெல்லாம் அப்புறம். மொதல்ல சீட்டுல இருந்து கையை எடு முருகையா. நாலு பேரு சீட்டும் அப்படியே கெடக்கட்டும், ஒருத்தனும் தொடக் கூடாது. இன்னைக்கு அறுத்துப் பாத்துருவோம்.”

இதைச் சொன்னவரின் பெயர் எனக்குத் தெரியும். சொல்லிப் பயனில்லை. சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் வந்து அந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே அரை நிமிஷம் யோசிப்பார். போஸ்ட்மார்ட்டம் என்று கேளுங்கள். சின்னக்கானலில் இருந்தே வழி சொல்லி அனுப்புவார்கள்.

தோற்றவர்கள் எல்லோரும் தோல்வியைச் சட்டென்று புதைத்துவிட்டுக் கையைக் கழுவப் பார்ப்பவர்கள்தான். குழிக்குப் போகிற வழியில் குறுக்கே நின்று, ‘இறக்கு கீழே, எப்படிச் செத்தது என்று பார்க்க வேண்டும்’ என்று சொன்ன மனிதர் என் வாழ்க்கையில் ஒருவர்தான்.

ஒரு சமயம் ஒற்றை யானை வந்து ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசியைத் தின்றுவிட்டுப் போனது. ஊரே கூடி நின்று, நேரம் சரியில்லை என்றது. இவர் மட்டும் இடிந்த சுவருக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் சுண்ணாம்போடு வெளியே வந்தார். “ஆனை வந்தது நம்ம கையில இல்ல. அரிசி மூட்டைய ரோட்டுப் பக்கத்துச் சுவர்ல சாய்ச்சு வச்சது யாருலே? ஆனையா?” என்று கேட்டார். கடைக்காரர் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. ஆனால் அடுத்த லோடு வந்தபோது மூட்டைகள் உள்சுவருக்குப் போயிருந்தன.

அவர் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிறவர். வாய்த்துடுக்கில் புருஷனுக்கு ஒரு படி மேல். “கொழம்புல உப்பு கூடிட்டுன்னா மத்த ஆம்பளைக பொண்டாட்டிய வைவாக. இவுக உப்பு டப்பாவை எடுத்து முன்னால வச்சு வெசாரணை நடத்துவாக” என்பார்.

ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு வந்தது சீட்டாட்டத்தில்தான்.

கொழுக்குமலைக்கு விடியல் பார்க்கப் போகிற சவாரி காலை ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். அடுத்த சவாரி மத்தியானத்துக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் ஸ்டாண்டு ஷெட்டில் பழைய டயரின் மேல் பலகையைப் போட்டு இருபத்தெட்டு ஆடுவோம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. அவருக்கு ஜோடி நான். எங்களுக்கு எதிர் ஜோடி முருகையாவும் பேபிச்சனும். நாலு பேருமே டிரைவர்கள். ஆளுக்கு எட்டுச் சீட்டு, எட்டுப் பிடி. ஒரு சுற்றுக்கு ஆளுக்கொரு சீட்டு போட, பெரிய சீட்டுப் போட்டவரின் ஜோடிக்கே அந்தப் பிடியும் அதிலுள்ள புள்ளிகளும். ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. இத்தனை புள்ளி எடுப்போம் என்று முன்கூட்டியே விளித்துவிட்டு ஆட வேண்டும். எடுக்காவிட்டால் தோல்வி.

காசு கிடையாது. அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு: குணுக்கு. தோற்ற ஜோடி இரண்டு பேரும் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் பலா இலை, துணிக் கிளிப். எங்கள் ஸ்டாண்டில் டூல் பெட்டியில் கிடக்கிற பழைய நட்டு, சணலில் கோத்தது. ஒரு தோல்விக்கு ஆளுக்கு ஒரு நட்டு. ஜெயித்தால்தான் ஒன்றைக் கழற்றலாம். அதுவரை அதோடுதான் சாப்பாடு, அதோடுதான் சவாரி.

வேறு ஊர்களில் ஒரு பிடி முடிந்ததும் ஜெயித்தவர் நாலு சீட்டையும் வாரிக்கொள்வார். அதற்கு இவர் சம்மதிக்கவே இல்லை. அவரவர் போட்ட சீட்டு அவரவர் முன்னாலேயே வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். பிடி நமதென்றால் நெடுக்காக, எதிராளியினது என்றால் குறுக்காக. ஆட்டம் முடிந்தபின் அந்த வரிசையைப் புரட்டிப் பிடி பிடியாக அறுப்பார். “சீட்டுக்குக் கண்ணா இருக்கு? நீ யாரு, ஒன் வீட்டுல என்ன கஷ்டம்னு பாத்தா வருது? அது வாறபடி வரும். வந்தத வச்சு நீ என்ன செஞ்சே, அதச் சொல்லு.”

நன்றாக ஆடித் தோற்றால் அவர் செலவில் டீ. கண்டபடி ஆடி ஜெயித்தால்தான் வசை. ஒருமுறை நான் குருட்டுத் துணிச்சலில் இருபது விளித்து, முருகையா தூங்கி வழிந்ததால் எடுத்தும் விட்டேன். குதித்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் தோளில் கை வைத்து, “அன்னைக்கு ஜெயிச்சது நீ இல்ல, முருகையாவோட தூக்கம். அத நம்பி இன்னொரு தடவை எறங்காத” என்றார்.

இப்படிப்பட்டவர் தொடர்ந்து தோற்க ஆரம்பித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. யாருக்கும் வருவதுதான். எங்களைத் திடுக்கிட வைத்தது வேறு. மூன்றாவது நட்டு காதில் ஏறியபோது அவர் சீட்டு வரிசையைப் புரட்டவில்லை. கலைத்துவிட்டு, “சீட்டு சரியில்ல” என்றார்.

போஸ்ட்மார்ட்டம் அண்ணன் வாயில் இருந்து அந்த வார்த்தை! பேபிச்சன் சிலுவை போட்டுக்கொண்டான்.

நாலாவது தோல்விக்கு இடம் மாறி உட்கார்ந்தார். மலையைப் பார்த்து உட்கார்ந்தால் ஆகாதாம். ஆறாவதற்குப் புதுச் சீட்டுக்கட்டு வந்தது. அந்த வாரம் அவர் ஜீப்பின் முன் பம்பர் மலையில் பாறையில் உரசி, ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. கேட்டோம். “வண்டிக்கும் நேரம் சரியில்ல” என்று சொல்லிவிட்டுப் பம்பரில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். ரேஷன் கடைச் சுவருக்குள் நுழைந்து யானையை விசாரித்தவர்.

ஒரு பெங்களூர்ப் பெண் ஜீப்பில் ஏறியதும் அவர் காதைப் பார்த்து, இந்த ஊர் நகையா என்று கேட்டார். “ஆமா மேடம். சம்பாதிச்சது” என்றார் அவர், சிரிக்காமல். அந்தப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு காதில் நாலு, ஒரு காதில் நாலு.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. இரண்டாவது நட்டிலேயே தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே முகம் தெரியும்? சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பார், பிறகு கிட்டே கொண்டுவருவார், பிறகு வெளிச்சத்துப் பக்கம் லேசாகச் சாய்ப்பார். கடைசியில் புள்ளி எண்ணும்போது அவர் மனக்கணக்குக்கும் பலகையில் இருப்பதற்கும் இரண்டு மூன்று உதைக்கும். “எங்கலே போச்சு ரெண்டு?” என்று முணுமுணுப்பார். நான் உடனே, “என் தப்புண்ணே. ஒரு ஒம்பதக் கோட்டை விட்டுட்டேன்” என்பேன். அவரும் என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கலைத்துவிடுவார். ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தேன். அது ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம். அந்த ஜீப்தான் அவர் வீட்டுச் சோறு. விளிம்பில் தடுப்பு இல்லாத அந்த மண் பாதையில், பனிக்குள்ளே, தினமும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற மனிதர். சீட்டில் எட்டு எது, ஒன்பது எது என்று தெரியவில்லை என்று நான் வாயைத் திறந்தால், அது சீட்டோடு நிற்கிற பேச்சா?

பதினோராவது ஆட்டம். பதினெட்டு விளித்தோம். நல்ல சீட்டு. கூட்டினால் பதினாறு. “எங்கலே ரெண்டு?” என்றார். நான் வழக்கம்போல, “என் தப்புண்ணே” என்றேன். இரண்டு பேரும் பதினோராவது நட்டை மாட்டிக்கொண்டோம்.

முருகையா பொறுமை இழந்துவிட்டான். “அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. இவன் எதிர்ல இருக்குத வரைக்கும் ஒங்களுக்கு விடியாது. தெனம் இவன் தப்பு, தெனம் ஒங்க காதுல நட்டு. ராசியும் இல்ல, வெளையாட்டும் இல்ல. ஆள மாத்துங்க. இவனுக்கு வண்டி ஓட்டவாச்சும் தெரியுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே சீட்டை வாரக் கை நீட்டினான்.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அறுத்துப் பாத்துருவோம்.

எட்டு ஆட்டமாகக் கேட்காத குரல். முருகையா கையை இழுத்துக்கொண்டான். நான் மட்டும், “வேண்டாம்ணே, நாந்தான் ஒத்துக்கிட்டேனே” என்றேன்.

“நீ பேசாத. பொணம் பேசக் கூடாது.”

பேபிச்சன் சிரித்தான். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

முதலில் என் வரிசையைப் புரட்டச் சொன்னார். ஒவ்வொரு சீட்டாகப் பேபிச்சனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எட்டுச் சீட்டும் கேட்டுவிட்டு, “இவன் தப்பு எங்க இருக்கு? காட்டு” என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. “ஒம்பதக் கோட்டை விட்டானாம். இவன் கையில ஒம்பதே வரலியேலே!”

பிறகு தன் வரிசை.

“மூணாவது பிடி. பேபிச்சா, நீ இஸ்பேட் ஜாக்கி எறக்குன. பிடி ஒனக்குன்னு தெரிஞ்சு போச்சு. நான் எட்டைப் போட்டேன். சரியான ஆட்டம்.” சீட்டைப் புரட்டிப் பலகையில் வைத்தார். “எட்டு.”

பேபிச்சன் குனிந்து பார்த்தான். “அண்ணா… இது ஒம்பதாணு.”

“எட்டு.”

“ஒம்பது, அண்ணா.”

அவர் சீட்டைக் கையில் எடுத்தார். தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். ஷெட்டுக்கு வெளியே போய் மத்தியான வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து உட்கார்ந்து, ஏழாவது பிடியைப் புரட்டி, விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏழாவது பிடி நம்ம பிடி. ஒன் டைமன் ஜாக்கி. அதுல சேரட்டும்னு இஸ்பேட் ஒம்பதப் போட்டேன். இது என்ன, நீயே சொல்லு.”

என்னைத்தான் கேட்டார்.

“எட்டுண்ணே.”

“எப்பத் தெரியும்?”

“ரெண்டாவது குணுக்குல.”

“அப்புறம் ஏண்டா?”

அவரே அந்த எட்டை மறுபடி கவிழ்த்து வைத்தார். பேசும்போது குரல் தணிந்திருந்தது.

“ரெண்டு மாசம் முன்னாடி தேனியில ஒரு டாக்டரப் பாத்தேன். கண்ணுல நரம்பு பழுதாம், கண்ணாடிக்குக் கட்டுப்படாதாம். வண்டிய எறக்கி வச்சுருங்கன்னாரு. நேரங்கெட்ட நேரத்துல இவருகிட்ட வந்து மாட்டிக்கிட்டமேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.” கொஞ்ச நேரம் சீட்டுகளைத் தடவினார். “மூணாவது வளைவுல, பனின்னு நெனச்சுத்தான் போனேன். பாறை. பின்னால ஒரு கைக்கொழந்த இருந்துச்சு. அன்னைக்கும் நேரம் சரியில்லன்னேன்.”

முருகையாதான் முதலில் வாயைத் திறந்தான். “எல்லாருக்கும் கெட்ட காலம் வரும்ணே…”

“கெட்ட காலமா? எனக்குக் கண்ணு போனது வேணும்னா அப்படிச் சொல்லிக்கோ. அது எனக்கு வந்த சீட்டு. வந்தத வச்சு நான் என்ன செஞ்சேன்? எலுமிச்சம்பழம் கட்டுனேன். அது ஆடுனவன் தப்பு. எழுதிக்கோ.”

எழுத யாரிடமும் எதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் இருந்து கூப்பிட்டார்கள். சேலத்தில் இருந்து ஒரு குடும்பம், ஐந்து பேர், மலைக்குப் போக வேண்டும். முறை அவருடையது. இரண்டு பிள்ளைகள் அதற்குள் ஜீப்பின் பின்னால் ஏறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முருகையா என்னைப் பார்த்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். என் காதில் இருந்த பதினோரு நட்டையும், ஒன்று விடாமல், வலிக்காமல் கழற்றித் தன் காதுகளில் மாட்டிக்கொண்டார். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். ஜீப்புக்கு முன்னால் போய்க் குனிந்து, தடவித் தடவி எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துத் தேயிலைச் செடிக்குள் எறிந்தார். பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு வந்து, இருபத்திரண்டு நட்டும் குலுங்க இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்காக டிரைவர் சீட்டைத் துடைத்துவிட்டார்.