ஆர்விட்டின் முதுகு

இந்த வருஷம் ஒரு நாற்காலியைக்கூடத் தொடுவதில்லை என்று ஆர்விட் ஹாகன் சபதம் எடுத்துக்கொண்டார்.

நாற்காலிக்காக ஆட்கள் அடித்துக்கொள்ளும் உலகத்தில் இப்படியும் ஒரு சபதமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் டுலூத் நகரத்து ஹோட்டலில் நடக்கும் விஞ்ஞானக் கதை மாநாட்டில் அவர் பதினொரு வருஷமாகத் தொண்டர். தொண்டர் படைக்குத் தலைவி அவர் மனைவி லோர்னா. அதனால் மற்றவர்கள் நாலு மணி நேரம் உழைத்தால் போதும்; ஆர்விட்டுக்கு மட்டும் நாள் முழுக்க. அடுக்கு, பிரி, மறுபடி அடுக்கு. பக்கத்து அரங்கில் செவ்வாயில் வீடு கட்டுவது எப்படி என்று பேசுவார்கள். இவர் காதில் விழுந்ததெல்லாம் சுவர் வழியாக வந்த கைதட்டல்தான்.

இந்தத் தடவை, நிலாவுக்கு லிஃப்ட் போடுவது பற்றிச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பேச்சு. அதை உட்கார்ந்து, முழுசாக, கேட்டே தீருவது.

வெள்ளிக்கிழமை காலை கட்டிலில் குப்புற விழுந்தார்.

"லோர்னா, முதுகு பிடிச்சுக்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"நடுவுல?"

"ஆரம்பமே நடுவுலதான்."

"அடப் பாவமே. நீ படுத்துக்கோ. உன் வேலையை மூரியல் தலையில கட்டிடறேன்."

முதுகைக் காரணம் காட்டி முதுகைக் காட்டிவிட்டோம் என்று ஆர்விட்டுக்கு ஒரே குஷி. சக தொண்டர் மூரியலுக்கு எழுபத்து நாலு வயது என்பது அந்தக் குஷியில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் லோர்னா கிளம்பியதும் கார் ஷெட்டில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்தார். புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. தலைக்கு ஒரு வாளி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ரோபோ! மாநாட்டுக்கு வேஷம் கட்டி வருகிறவர்களில் இருபது ரோபோவாவது நடமாடும். இருபத்தொன்றாவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

பத்துக்கு ஐந்து நிமிஷம். அரங்கின் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. கதவுக்கு முன்னால் மூரியல், ஐஸ் நிரம்பிய தொட்டியைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு, இரண்டடிக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"யப்பா ரோபோ, கொஞ்சம் ஒரு கை குடேன். ஆர்விட் செய்யற வேலை இது. பாவம், புரளக்கூட முடியலையாம்."

ஆர்விட்டுக்குப் பெட்டிக்குள்ளேயே வியர்த்துவிட்டது. பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும். "பீப்" என்று மட்டும் சொல்லித் தொட்டியைத் தூக்கினார்.

ஐஸுக்குப் பிறகு தண்ணீர்க் கேன். கேனுக்குப் பிறகு, வேறென்ன, நாற்காலி. ஒவ்வொரு வரிசைக்கும் மூரியல் பெருமூச்சு விட்டாள்: "ஆர்விட் மாதிரி நல்ல மனுஷன் உண்டா?" சுவருக்கு அப்பால் பலத்த கைதட்டல். நிலாவுக்கு லிஃப்ட் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

பன்னிரண்டு மணிக்குத் தொண்டர் அறை. வாக்கி டாக்கியும் கையுமாக லோர்னா. மேஜைமேல் ஒரு வாழ்த்து அட்டை: 'ஆர்விட், சீக்கிரம் குணமாகு!' சுற்றிலும் முப்பது கையெழுத்து.

"ரோபோ, நீயும் ஒண்ணு போடு" என்று பேனாவை நீட்டினாள் லோர்னா.

தனக்குத்தானே குணமாகச் சொல்லி 'பீப்' என்று எழுதினார். பத்து வருஷம் முன்னால் அவர் அப்பா இறந்தபோது வந்த அட்டையிலும் இதே கையெழுத்துகள்தான் இருந்தன.

"ஆர்விட்டுக்கு நானே காட்டரிசி சூப் கொண்டுபோறேன்" என்றாள் மூரியல், அண்டாவைக் காட்டி. "பனியில எட்டு மைல். எனக்குக் கண்ணு சரியில்ல. இருந்தாலும் அந்த மனுஷனுக்காக ஓட்டிடுவேன்."

அதற்குமேல் தாங்கவில்லை. ஆர்விட் வாளியைக் கழற்றினார்.

"நான்தான். முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொய் சொன்னேன்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் கூசவைத்தது.

"தெரியும்" என்றாள் லோர்னா.

"எப்படி?"

"முன்பக்கம் பிரமாதமாப் பெயின்ட் அடிச்சிருக்கே. பின்பக்கம் கடைக்காரன் ஒட்டின சீட்டு அப்படியே இருக்கு. உன் பேரு, நம்ம விலாசம், போன் நம்பர். வாசல்ல நிக்கறவங்க ஒன்பதரைக்கே எனக்குச் சொல்லிட்டாங்க."

மூரியல் சூப் அண்டாவை ஒற்றைக் கையால் அலாக்காகத் தூக்கி அடுப்பில் வைத்தாள். "என் இடுப்புவலி எப்படி? உன் முதுகுவலியைவிட நல்லா இருந்துச்சில்ல?"

ஆர்விட்டின் காது சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தபடி, "மன்னிச்சுக்கோ லோர்னா. என்ன வேலைன்னாலும் சொல்லு, செய்யறேன்" என்றார்.

லோர்னா வாளியை எடுத்து அவர் தலையில் அன்பாகக் கவிழ்த்தாள்.

"ரெண்டு மணிக்கு மேடை பிரிக்கணும். இதை மாட்டிக்கிட்டே செய். பதினொரு வருஷத்துல இன்னிக்குத்தான் நீ முணுமுணுக்காம வேலை செஞ்சே."