நம்ம ஆளுக்கு முகக்கவசம் எதற்கு?

பெருந்தொற்றுக் காலத்தில் வகைவகையான மனிதர்கள் வெளிப்பட்டார்கள். தக்காளிக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியவர்களை விட்டுவிடுவோம். மூன்று நாளுக்கு ஒருமுறை தாங்களே மருத்துவராகி ஊருக்கெல்லாம் குரல்பதிவு அனுப்பியவர்களையும் மன்னித்துவிடுவோம். இங்கே சொல்ல வருவது ‘நம்ம ஆளுதானே’ என்ற இனத்தைப் பற்றி.

இவர் நோய்க்கு அஞ்சாத சிங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கதிகலங்கிப் போயிருப்பவர். ஆனால் இவரைப் பொறுத்தவரை கிருமி என்பது முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மட்டுமே வரும். சொந்தக்காரர், சிநேகிதர், சொந்தக்காரரின் சிநேகிதர் ஆகியோர் மேல் ஒட்டிக்கொள்ள அதற்கு அனுமதி கிடையாது. மனிதர்களுக்குள்ள மரியாதை கிருமிக்கு மட்டும் தெரியாமல் போய்விடுமா என்ன?

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரடங்கு தளர்ந்து கடையைத் திறந்த அன்றே வாசலுக்குக் குறுக்கே நீல நைலான் கயிறு கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர். இந்தப் பக்கம் இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, கையுறை சகிதமாக அவர். மூச்சு விட்டால் அவருடைய கண்ணாடியே ஆவி படிந்து மங்கிவிடும். எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அந்த நிலையிலும் மற்றவர்களுக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் யாராவது கயிற்றுக்கு அப்பால் நின்று, “அண்ணே, என்னைத் தெரியல? உங்க மச்சினர் வீட்டுக்கு வயரிங் பண்ணேனே” என்று சொல்லிவிட்டால் போதும். “அட, நம்ம ஆளா!” கயிறு தூக்கப்படும், தடுப்பு நெற்றிக்கு ஏறும், முகக்கவசம் இரண்டும் தாடைக்கு இறங்கும், நாற்காலி இழுத்துப் போடப்படும், மூக்குக்கு மூக்கு ஒரு சாண் தூரத்தில் அரைமணி நேரம் உலக நடப்பு அலசப்படும். ஒரே மாதத்தில் விஷயம் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. கண்ணாடி வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய மச்சினர் வீட்டுக்கு வயரிங் செய்தவர்களாக இருந்தார்கள். அந்த மச்சினர் குடியிருப்பது ஒற்றை அறை வீடு.

கடை இப்படியென்றால் வீடு? மாடி அறையில் அவருடைய அக்கா இருந்தார். அவரைத் தூக்கி வளர்த்தவர். மூச்சிரைப்புக்காரர், சாதாரணச் சளி பிடித்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொற்று தொடங்கிய வாரமே அக்கா சொல்லிவிட்டார்: “யாரும் உள்ள வர வேணாம்ப்பா. தட்டைக் கதவுகிட்ட வச்சிட்டுப் போங்க.”

கண்ணாடிக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. “நான் என்ன வெளியாளா?” என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மூன்று வேளையும் தானே தட்டை ஏந்திக்கொண்டு நேரே கட்டில் வரைக்கும் போய் உட்கார்ந்து, அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றார். வளர்த்த கையால் விரட்ட முடியுமா? அக்காவும் சும்மா இருந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் சகலை வந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர். வந்தார், உட்கார்ந்தார், இருமினார். கண்ணாடிக்காரரின் முகக்கவசம் அவரைக் கண்டதுமே கழன்றுவிட்டது.

மனைவி சமையலறைக்குள் கணவரை இழுத்தார். “அவர் இருமுறாருங்க. முகத்தை மூடிக்கச் சொல்லுங்க.”

“சகலைகிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது? நம்மள என்ன நினைப்பாரு?”

“சகலைக்கு இருமல் வராதா?”

“வரும். அது வேற இருமல்.”

இரண்டு மணி நேரம் இருந்து, எல்லோரையும் தோளைத் தொட்டு விசாரித்துவிட்டுச் சகலை புறப்பட்டார். நான்காம் நாள் கண்ணாடிக்காரருக்கு உடம்பு கொதித்தது. வெயிலில் நின்றுவிட்டேன் என்றார். மறுநாள் சோப்பு மணக்கவில்லை. சோப்புக் கம்பெனியைத் திட்டினார். அதற்குள் மனதுக்குள் ஒரு பட்டியலும் தயாராகிவிட்டது: கூரியர்காரர், பால்காரர், கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று தும்மிய ஒரு பெரியவர். இரண்டு மணி நேரம் தொடையோடு தொடை உரச உட்கார்ந்திருந்தவரின் பெயர் மட்டும் அதில் இல்லை.

மத்தியானம் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார். மனைவி குறுக்கே வந்து நின்றார்.

“எங்க போறீங்க?”

“அக்காவுக்குச் சாப்பாடு.”

“காய்ச்சலோட போறீங்க.”

“வழி விடு. அக்கா என்ன வெளியாளா?”

“வெளியாளா நினைச்சுக்குங்க. அப்பதான் உசிரோட இருப்பாங்க.”

எட்டுப் படி மேலே அக்காவின் இழுப்புச் சத்தம் கேட்டது. மாதக்கணக்காகத் தினமும் கேட்ட சத்தம்தான்; அன்றைக்குத்தான் அவருக்குப் பயம் வந்தது. தன்னைக் கண்டே பயம் வந்தது. தட்டை மனைவியிடம் நீட்டக்கூட யோசித்து, படியில் வைத்துவிட்டு நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மனைவி முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு வேறு தட்டில் புதிதாகப் போட்டு எடுத்துப் போய்க் கதவருகே வைத்துத் தட்டினார். கண்ணாடிக்காரர் கீழே நின்று அழுதார்.

மேலேயிருந்து குரல் வந்தது. “தம்பி வரலையா?”

“வரல அக்கா,” என்றார் கீழிருந்தே. “இனிமே வர மாட்டேன்.”

“அப்பாடா,” என்றார் அக்கா.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டின் அதிர்ஷ்டம் அது. எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லை. இருபது நாள் கழித்துச் சகலை தொலைபேசியில் நலம் விசாரித்தார்.

“உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“யாரோ வெளியாள்தான்.”

“எனக்கும் அதே கதைதான். அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பவே லேசாக் காய்ச்சல் இருந்துச்சு. சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு சொல்லல.”

“சேச்சே,” என்றார் கண்ணாடிக்காரர். “நமக்குள்ள என்ன?”

சிரிக்கிறீர்கள். நல்லது. நம் வீட்டில் இப்படியெல்லாம் நடக்கவில்லை என்று தலையையும் ஆட்டுகிறீர்கள். அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குள் அந்த நோயைக் கொண்டுவந்தவர் யார்? பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

தெரியும். வாயைத் திறக்க மாட்டீர்கள். நம்ம ஆளாயிற்றே.