வடத்துக்கு வந்த இருநூற்றுத் தொண்ணூறு பேர்

பதிவு போட்டுப் பதினோரு நாள் ஆகியும் கீழே 'கருத்துகள்: 2' என்றே நின்றது. அதில் ஒன்று பல்வலி மருந்து விற்கிறவன் போட்டது.

மிஸ்னாடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். காலையிலிருந்து சிமென்ட் மூட்டை தூக்கிய கை. அவன் தட்டிய விசைப்பலகை முழுக்கச் சாம்பல் தடம்.

"ம்பாக் நிங்ரும், இந்த மிஷின்ல ஏதோ கோளாறு. வந்துட்டுப் போற ஆளை எண்ண மாட்டேங்குது."

நிங்ரும் அந்த இணையக் கடைக்காரி. அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை 'ம்பாக்' என்றும் ஆண்களை 'சாக்' என்றும் பெரியவர்களை 'பக்' என்றும் கூப்பிடுவார்கள். சுரபாயா வலைப்பதிவர் கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. பொரித்த சோயாக்கட்டியான தாகுவைப் பச்சை மிளகாயோடு கடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, சாக். ஆள் வந்தாத்தானே எண்ணும்?"

இன்னொரு கருத்து அவளே இரக்கப்பட்டுப் போட்டது.

கலிமாஸ் துறையில் மரக்கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் கூட்டத்தில் மிஸ்னாடி கொக்கிக்காரன். கப்பலின் வயிற்றுக்குள் நின்று மூட்டைக் கட்டைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மாட்டியதும் இருபது மூட்டை அவன் தலைக்கு மேலே ஏறும். அதைத் தூக்குகிற இரும்பு வடத்தில் ஏழு இழை அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளி ஹாஜி பதுரியிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான்.

"உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா? வேற எவனும் சொல்லலையே!" என்றார் ஹாஜி.

வேறு எவனும் சொல்ல மாட்டான். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அதனால்தான் 'கலிமாஸ் கூலி' என்ற பெயரில் மிஸ்னாடி வலைப்பதிவு தொடங்கினான். வடத்தின் கதையை முழுசாக எழுதினான், ஹாஜியின் கிடங்கு எண்ணையும் சேர்த்து. ஊரில் நாலு பேர் படித்துக் கேள்வி கேட்டால் மனுஷனுக்கு உறைக்கும். அந்த நாலு பேருக்குத்தான் வழியில்லை.

"படிக்கிறவன் தானா வர மாட்டான், சாக்," என்றாள் நிங்ரும். "நீங்க அவன் வீட்டு விசேஷத்துக்குப் போனாத்தான் அவன் உங்க வீட்டு விசேஷத்துக்கு வருவான். ஒரு நாளைக்கு நாப்பது பேரோட பக்கத்துக்குப் போயி கருத்துப் போடுங்க."

"நாப்பதா?"

"நான் நூறு போறேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக வந்து உட்கார்ந்தான். மலாங்கில் ஒரு பெண் தன் பூனைக்குக் கண்ணில் நீர் வடிவதைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். மனசு கேட்கவில்லை. வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கச் சொல்லிப் பதினெட்டு வரி எழுதினான். அடுத்தது வேலை போன ஒருவனின் கதை. அவனுக்கு இருபத்திரண்டு வரி. கடை சாத்துகிற நேரத்துக்கு மூன்று பக்கம்தான் முடிந்திருந்தது.

நிங்ரும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "படிச்சீங்களா? அட ஆண்டவனே! எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா எப்ப நாப்பது வீடு ஏறி இறங்குறது?"

"படிக்காம என்னத்த எழுதறது?"

"'நல்ல பதிவு. பயனுள்ள தகவல். நம்ம பக்கமும் வாங்க.' இதை நகல் எடுத்து வச்சுக்குங்க. போற இடமெல்லாம் ஒட்டிக்கிட்டே போங்க. முதல் ஆளா போயிட்டா மட்டும் 'பெர்த்தமாக்ஸ்!'னு சேர்த்துப் போடணும்."

"அது பெட்ரோல் பேராச்சே?"

"ஆமா. முதல்ல வந்தவன் அப்படித்தான் கத்தணும். ஏன்னு கேக்காதீங்க, ஊரே கத்துது."

மிஸ்னாடி ஒட்டத் தொடங்கினான். மூட்டை அடுக்கிய கைக்கு வேகம் சீக்கிரம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அறுபது வீடு. அந்த வேகத்தில், ஜெம்பரில் ஒருவன் தன் அப்பா இறந்த நாற்பதாம் நாளுக்கு எழுதிய பதிவிலும் 'நல்ல பதிவு. பயனுள்ள தகவல்' என்று ஒட்டிவிட்டான்.

பிறகுதான் அது கண்ணில் பட்டது. அழிக்கப் பார்த்தான். அடுத்தவன் சுவரில் ஒட்டியதைத் தன் வீட்டிலிருந்து கிழிக்க முடியுமா?

பத்து நிமிஷத்தில் இறந்தவரின் மகனிடமிருந்து பதில் வந்தது: 'வருகைக்கு நன்றி, நண்பரே. இதோ உங்கள் பக்கம் வருகிறேன்.'

சொன்னபடியே வந்தான். ஏழு இழை அறுந்த வடத்துக்குக் கீழே எழுதினான்: 'பயனுள்ள குறிப்பு. வீட்டில் செய்து பார்க்கிறேன்.'

மிஸ்னாடிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆனால் எண்ணிக்கை முப்பத்தொன்று ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ குறுகுறுத்தது.

முப்பத்தொன்று எண்பது ஆயிற்று, எண்பது நூற்று அறுபது ஆயிற்று. வந்தவனுக்கெல்லாம் பதில் போக வேண்டும். ஒருநாள் தவறினால், 'என்ன சாக் கூலி, பெரிய ஆளாகிட்டீங்களா?' என்று குத்திக் காட்டினார்கள். சாப்பாட்டு வேளையில் துறையிலிருந்து கடைக்கு ஓடினான், கடையிலிருந்து துறைக்கு ஓடினான். படுத்தாலும் விரல்கள் பாயில் தட்டிக்கொண்டே கிடந்தன.

கப்பலுக்குள்ளும் அதே நினைப்புத்தான். மேலே எந்திரத்தில் வடத்தைச் சுற்றித் தூக்குகிற வின்ச்காரன் குனிந்து, "மாட்டியாச்சா? தூக்கவா?" என்று கத்தினான்.

"வருகைக்கு நன்றி!" என்றான் மிஸ்னாடி.

"என்னது?"

"தூக்கு, தூக்கு!"

கொக்கி சரியாக மாட்டவில்லை. சரிந்த மூட்டை ஒன்று காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து வெடித்தது. அன்று அவன் வீட்டுக்குப் போனபோது தலைமுதல் கால்வரை சிமென்ட் தூள்.

மனைவி ஜுவாரியா சோளச்சோறு விற்ற பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சாக், மூஞ்சி தெரியாத பொண்ணு பூனைக்குக் கண்ணு வலின்னு அன்னைக்கு அப்படித் துடிச்சீங்க. எங்கம்மா நாலு நாளா காய்ச்சல்ல கிடக்கா. எட்டிப் பார்த்தீங்களா?"

"இப்ப போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"சொல்லுங்க. 'நல்ல காய்ச்சல், பயனுள்ள காய்ச்சல், நம்ம பக்கமும் வாங்க'ன்னு சொல்லுங்க."

"உனக்குப் புரியலை ஜுவாரியா. இவ்வளவு பேரு வடத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டாங்க. இனி அவங்களைத் துறைக்கே கூட்டிட்டு வந்து காட்டப் போறேன். நாப்பது பேரு வந்து நின்னா ஹாஜி என்ன பண்ணுவாரு?"

"வந்தவங்களுக்குச் சோறு யார் போடறது?"

சோறு அவள்தான் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துறையில் வேலை இல்லை. வலைப்பதிவர் கூட்டம் நாற்பத்துமூன்று பேராகத் திரண்டு வந்தது. சோளச்சோறும் கருவாடும் ஒரு மணி நேரத்தில் காலி. நிங்ரும் எல்லாருக்கும் பெயர்ச்சீட்டு குத்திவிட்டாள். சிரிப்பும் படமெடுப்பும் தாங்கவில்லை. மிஸ்னாடி அவர்களை ஓட்டிக்கொண்டு போய்க் கப்பல் பக்கத்தில் நிறுத்தினான்.

"இதோ, இதுதான்," என்றான்.

"எது சாக்?"

"வடம்."

"ஓ, வடம்! வாங்க, வாங்க, எல்லாரும் வடத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு படம்!"

"புடிக்காதீங்க, முள்ளு கிழிக்கும். நான் எழுதியிருந்தேனே…"

"வடத்தைப் பத்தியா எழுதியிருந்தீங்க?" என்றான் ஜெம்பர்க்காரன். "நான் துணி காயப்போடற கொடின்னு நினைச்சேன்."

"நான் சமையல் குறிப்புன்னு நினைச்சேன்," என்றாள் பூனைக்காரி. "ஆனா சாக், நல்ல பதிவு."

மிஸ்னாடி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனான். எத்தனை இழை? யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கிடங்கு? யாருக்கும் தெரியவில்லை. "படிச்சவங்க கையைத் தூக்குங்க," என்றான். படமெடுக்கத்தான் சொல்கிறான் என்று எண்ணி நாற்பத்துமூன்று பேரும் கையைத் தூக்கிச் சிரித்தார்கள்.

அவன் விறுவிறுவென்று கடைக்கு நடந்தான். நிங்ரும் பின்னாலேயே ஓடி வந்து திறந்துவிட்டாள்.

"என்ன சாக் பண்றீங்க?"

"குப்பை கூட்டறேன்."

இருநூற்றுத் தொண்ணூறு கருத்து இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தான். 'பெர்த்தமாக்ஸ்!' அழித்தான். 'நல்ல பதிவு.' அழித்தான். 'வீட்டில் செய்து பார்க்கிறேன்.' இரண்டு தடவை அமுக்கி அழித்தான்.

"ஐயோ, சேர்த்த கூட்டத்தை இப்படிக் கலைக்கிறீங்களே! ஒரு மாச உழைப்பு சாக்!"

"படிக்காத கூட்டம் எதுக்கு ம்பாக்? மூட்டையில மண்ணை ரொப்பினா கனம்தான் இருக்கும், அரிசியா ஆயிடுமா?"

வடத்தைப் பற்றி வடமாகவே எழுதியிருந்தவர்கள் மூன்று பேர். அவர்களை மட்டும் விட்டுவைத்தான். மூன்று பேரானாலும் மனுஷர்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் விரல் தட்டாமல் தூங்கினான்.

திங்கட்கிழமை காலை துறை வாசலில் கிடங்குக்காரர் குஸ்னான் கைவண்டி தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். வண்டியில் புத்தம்புது இரும்பு வடம் ஒரு சுருள், எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்காமல் பளபளத்தது.

மிஸ்னாடி ஓடிப்போய்ச் சுருளைத் தொட்டுப் பார்த்தான். "பக் குஸ்னான்! புது வடமா? நம்ம வின்ச்சுக்கா? கப்பல் அந்தப் பக்கம், நீங்க எங்க இந்தப் பக்கம் தள்றீங்க?"

"வடம் வாங்கின கடைக்கு. திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாரு ஹாஜி."

"வாங்கினதை ஏன் திருப்பணும்?"

"எவனோ கலிமாஸ் கூலியாம், நம்ம வடத்தைப் பத்திக் கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கான். ஹாஜியோட மருமகன்தான் கொண்டாந்து காட்டினான்."

மிஸ்னாடி வண்டியோடு சேர்ந்து நடந்தான். "ஹாஜி… அதைப் படிச்சாரா?"

குஸ்னான் வண்டியை நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு எங்க படிச்சாரு? தினம் காலையில கீழ இருக்கற எண்ணிக்கையை மட்டும் பார்ப்பாரு; இருநூத்துத் தொண்ணூறுன்னதும் ஊரே திரண்டுடுச்சுன்னு நடுங்கிப்போயி சனிக்கிழமை இதை வாங்கிப்போட்டாரு, இன்னைக்கு மூணுன்னு பார்த்துட்டு, 'கூட்டம் கலைஞ்சுடுச்சு குஸ்னான், பழைய வடமே போதும்'னுட்டாரு."