சீசன் சார் ரூம் போட்ட கதை

எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று சீசன் சாருக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவர் எதையும் செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

திருவையாற்றில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது அவர் பக்கத்து விதைக்கடை முதலாளி. "எப்பங்க நாத்து விடலாம்?" என்று விவசாயி கேட்டு வாயை மூடுவதற்குள் "நாளைக்கே விடுங்க" என்பார். அப்படிப்பட்டவர், மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் மனைவியோடு தங்க எப்போது ரூம் போடுவது என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். மத்தியானமானால் என் கடைக்கு வந்து அந்த ரிசார்ட் படங்களைப் பார்ப்பார். சொந்த செல்போனில் பார்க்க மாட்டார். கை தவறிப் பட்டு புக் ஆகிவிட்டால்?

"மே மாசம் போடவா சார்?"

"சீசன் தம்பி. கூட்டம் அள்ளும்."

"ஜூன்?"

"மேட்டூர் தொறந்துட்டா கடைய விட்டு நகர முடியுமா? குறுவை சீசன்."

"கார்த்திகை?"

"மலையில மண்ணு சரியும்."

"தை?"

"ஆராதனைக்கு ஊர் உலகமே இங்க வருது. நாம கெளம்பிப் போனா நல்லாவா இருக்கும்?"

கச்சேரிப் பந்தல் இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவரிடம் யோசனை கேட்டவர்கள் எல்லோரும் போய் வந்துவிட்டார்கள். எதிர் சலூன்காரர் இவர் சொன்ன தேதியில் குடும்பத்தோடு போய், நீச்சல் குளத்தில் குதித்த போட்டோவைத் தெருவுக்கே காட்டினார். "நான் சொன்ன தேதியாக்கும்!" என்று சீசன் சார் நெஞ்சை நிமிர்த்தினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி விமலா அக்கா அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் டியூட்டி முடிந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"தம்பி, அடுத்த வாரம் எனக்கு லீவு. அந்த ரிசார்ட்ல ரூம் போடு."

"அக்கா, அடைமழைக் காலம்..."

"பெய்யட்டும். யாரோ போட்ட டீய நான் உக்காந்த எடத்துல குடிக்கணும். அவ்வளவுதான்."

"ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கே போடு. அவரு வரலேன்னா கட்டில் முழுக்க நானே உருண்டுக்கறேன்."

விஷயம் தெரிந்ததும் சீசன் சார் குடையும் கையுமாக ஓடிவந்தார். "கேன்சல் பண்ணுப்பா!"

"பண்ணிடலாம் சார். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

தொப்பென்று உட்கார்ந்தார். "கோவமா இருந்தாளா?"

"இல்ல சார். சிரிச்சுக்கிட்டேதான் போடச் சொன்னாங்க."

அதில்தான் மனுஷன் ஆடிப்போனார். மெதுவாகக் கேட்டார்: "தஞ்சாவூர்ல ஸ்வெட்டர் எங்கப்பா கெடைக்கும்?"

போனார்கள். புலம்பல் போன் வரும், வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அங்கிருந்து ஊருக்குக் கிளம்பவேண்டிய நாள் காலையில்தான் வந்தது.

"தம்பி, இங்க ஒரு ஈ காக்கா இல்ல. கரண்ட்டு இல்ல. படகு விடல. மலை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல."

"அக்கா திட்டறாங்களா சார்?"

"பாடிக்கிட்டிருக்காப்பா." குரல் தாழ்ந்தது. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. இன்னொரு நாள் சேத்துப் போட முடியுமா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிக்க என்னய்யா இருக்கு? போடு!"

போட்டுவிட்டேன். ஏற்கெனவே அவர் வராத மத்தியானங்கள் நகர மாட்டேன் என்றன. இன்னும் ஒன்றை எப்படி ஓட்டப்போகிறேன் என்பதுதான் என் கவலையாக இருந்தது.