பகடையைத் தொடாத சுமைதூக்கி

என் மனைவியைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பதறாதீர்கள், ஆட்டத்தில்தான்.

ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கற்பனை ஆட்டம் நடக்கும். நடத்துபவன் நான். “இருட்டுக் குகை, எதிரே ஒரு கதவு” என்று நான் ஆரம்பிப்பேன். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஆபத்தான காரியமென்றால் பகடை உருட்ட வேண்டும். எண் குறைந்தால் ஆள் காலி. என் குகையில் இரக்கத்துக்கு இடமில்லை. பல் டாக்டர்தான் எங்கள் மாவீரர். மாடிவீட்டு ஆடிட்டர் மந்திரவாதி. வாரம் முழுக்க வீட்டில் என் பேச்சு எடுபடாது. அந்த ஒரு மதியம் மட்டும் நான் கடவுள்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

“ஏங்க, இனிமே ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போலாம். அத்தான் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

என் சகலை தன் ரத்த அழுத்தத்தைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார். அழுத்தம் அவருக்கு, கேட்டுவிட்டு மாத்திரை போடுவது நான்.

தேனொழுகச் சொன்னேன். “ஒரு தடவை எங்ககூட ஆடிப் பாரேன். உன் ஆள் உயிரோட வெளிய வந்துட்டா வாராவாரம் அக்கா வீடு. செத்துட்டா அந்தப் பேச்சே கூடாது.”

“சரிங்க” என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவளுக்குச் சுமைதூக்கி வேடம் கொடுத்தேன். வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. கயிறு, மூட்டை, ஒரு கழி. சாமான் சுமந்து வந்த கழுதைகளைக் குகை வாசலிலேயே கட்டியாயிற்று. என் குகையில் எந்தச் சுமைதூக்கியும் காபி ஆறும் வரை தாங்கியதில்லை.

“மூடின கதவு. யாரு திறக்கிறீங்க?” என்று அவளையே பார்த்தேன்.

“டாக்டர் அண்ணா, நீங்கதானே வீரர்?”

உச்சி குளிர்ந்துபோன டாக்டர் உருட்டினார். உள்ளிருந்து ஈட்டி பாய்ந்தது. மாவீரர் காலி.

“ஐயோ பாவம். அவர் மூட்டையையும் நானே தூக்கிக்கிறேன்.”

“அடுத்தது பள்ளம். தாண்டணும். உருட்டு.”

“ஏன் தாண்டணும்? கழியால தட்டிப் பார்த்து ஓரமா போறேன். அதுக்கும் உருட்டணுமா?”

“வேண்டாம்” என்றார் ஆடிட்டர். விதிமுறை என்றால் அவருக்கு உயிர். அவரே அந்தப் பள்ளத்தை மந்திரத்தால் பறந்து தாண்டப் போய், உருட்டி, விழுந்து, செத்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “எதுக்குமே உருட்ட மாட்டேங்கிறியே!”

“உருட்டுனாத்தானேங்க சாவு?”

திட்டத்திலேயே இல்லாத டிராகனை இறக்கினேன். “நெருப்பு கக்குது! புதையல் மேல உட்கார்ந்திருக்கு! சண்டை போடு!”

“பேசிப் பார்க்கிறேன்.”

“டிராகன்கிட்டயா?”

“கோவக்காரங்ககிட்ட பேசிப் பழக்கந்தான்.” டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் என் பக்கம் திரும்பி, ரொம்பக் கரிசனமாக, “டிராகன் ஐயா, சாப்டீங்களா?” என்றாள்.

“இல்லை!” என்று உறுமினேன். நிஜமாகவே நான் சாப்பிட்டிருக்கவில்லை.

“முகமே வாடிப் போச்சே. குகை வாசல்ல எங்க கழுதைங்க நிக்குது. எல்லாம் நல்லா கொழுத்தது. நீங்க போய் நிதானமா சாப்பிட்டு வாங்க. புதையலை நான் பார்த்துக்கிறேன்.”

“சரி” என்றது டிராகன். பசியில் என் வாய் முந்திக்கொண்டது.

“சொன்னது சொன்னதுதான், சார்” என்றார் செத்துப்போன ஆடிட்டர்.

வேறு வழியாகப் புதையலோடு வெளியே வந்தாள். இரண்டு பிணங்களும் எழுந்து நின்று கை தட்டின. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நானே முந்திக்கொண்டேன்.

“சரி, தோத்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பலாம்.”

“நான் எங்கேங்க வர்றது? இனிமே என்னையே ஆட்டத்தை நடத்தச் சொல்றாங்க அண்ணனுங்க ரெண்டு பேரும்” என்றாள், பகடைகளை அள்ளிக்கொண்டே. “அத்தான்கிட்ட சொல்லிடறேன், நீங்க மட்டும் வருவீங்கன்னு.”