பதிவு எண் பதினேழு: குளியலறைக் கதவு

ஒரு வேலையை முப்பது வருஷம் செய்தவரிடம் போய் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "என்னத்தைச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்" என்று மழுப்பிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அதே வேலைக்கு மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளையிடம் கேட்கக்கூட வேண்டாம், சும்மா எதிரே நின்றால் போதும், காது புளித்துப்போகும். இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வீட்டில் இருமுகிறவர்களையெல்லாம் கட்டிலில் கிடத்துகிறவர்கள் உண்டு. சட்டம் படிக்கப் போன மறுநாளே பால்காரருக்கு நோட்டீஸ் அனுப்பத் துடிப்பவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற உட்பிரிவு ஒன்று இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் விடுமுறைக்காலப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்ததும் "சௌக்கியமா?" என்று உங்களைக் கேட்பதற்கு முன்னால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலில் நல்ல சேதி எதுவும் இருக்காது. சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவு நாடா, தூசி தட்ட ஒரு மெல்லிய தூரிகை. "புதுசு" என்ற சொல்லை, பெரியவர்கள் எதிரில் சொல்லக்கூடாத சொல்லைப் போல முணுமுணுப்பார். நீங்கள் ஆசையாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்து, "அடடா, அடிச்சிட்டீங்களா?" என்பார், யாரையோ கைநீட்டி அடித்துவிட்டீர்கள் என்பது போல.

நம் பெண்ணும் அப்படித்தான். வயது இருபத்திரண்டு. வீட்டுக்கு இளையவள். எட்டு வாரப் பயிற்சி. ஊரின் பழைய தபால் கட்டடத்தைச் செப்பனிடும் இடத்தில் வேலை. அங்கே அவளுக்கு முதல் நாளே மூன்று விதிகள் சொல்லிக்கொடுத்தார்கள். எதையும் தொடுவதற்கு முன் பதிவு செய். தொட்டால் கொஞ்சமாகத் தொடு. செய்ததைத் திரும்பக் கழற்ற முடிகிற மாதிரி செய். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு எண், ஒரு சீட்டு, நான்கு பக்கமும் புகைப்படம், என்ன பொருள், எத்தனை வயது, நிலைமை எப்படி என்று ஓர் அட்டை. தபால் கட்டடத்துக்கு இவை அருமையான விதிகள். அவள் அவற்றைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினை.

இரண்டாவது வாரத்திலேயே வீடெங்கும் சீட்டு முளைத்துவிட்டது. எண் ஐந்து, அம்மாவின் தையல் இயந்திரம். எண் ஒன்பது, மாடிப்படியின் கைப்பிடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா நாற்காலியில் வாய் பிளந்து தூங்கி எழுந்தபோது, அவர் மார்பில் பதினொன்று என்று ஒட்டியிருந்தது. நாற்காலிக்கு ஒட்டியது நழுவி ஒட்டிக்கொண்டது என்று அவள் சாதித்தாள். அதில் யாரோ 'நிலைமை: சுமார்' என்றும் எழுதியிருந்தார்கள். அண்ணன் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தான். அவன்தான் அவளுக்கு 'மியூசியம்' என்று பெயர் வைத்தவன்.

எண் பதினேழு, குளியலறைக் கதவு. அதன் தாழ்ப்பாள் சில மாதங்களாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. போட்டால் எடுக்க வராது, எடுத்தால் போட வராது. மாற்றிவிடலாம் என்று அப்பா சொன்னதுதான் தாமதம், அவள் கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுவிட்டாள்.

"இந்தத் தாழ்ப்பாள் கையால அடிச்ச இரும்புப்பா. சுத்தியல் தடம் தெரியுது பாருங்க. கதவுக்கு நூறு வயசுக்குக் குறையாது."

"ஏம்மா, இதை நானே போட்ட மாதிரி ஞாபகம் இருக்கே..."

"ஞாபகம்னு சொல்றது வாய்மொழித் தகவல். ஆதாரம் இருக்கா?"

அப்பாவிடம் ஆதாரம் இல்லை. யாரிடம்தான் இருக்கிறது, வீட்டில் கதவு போட்டதற்கு? அவள் அட்டையை எடுத்து, 'உரிமையாளர் கூற்று: நம்பத்தக்கதல்ல' என்று அவர் கண்ணெதிரிலேயே எழுதிக்கொண்டாள். கதவு பிழைத்தது.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. காலை பத்து மணிக்கு இயக்குநரும் தேர்வுக் குழுவும் முன்னிலையில், பயிற்சிக்கு வந்த எட்டுப் பேரும் தாங்கள் செய்த வேலையைப் படம் போட்டு விளக்க வேண்டும். எட்டுப் பேரில் இருவருக்குத்தான் ஒரு வருஷ வேலை. கேலி செய்துகொண்டே வந்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வேலை அவளுக்கு வேண்டும். இரண்டு மாதமாகத் தபால் கட்டடத்து ஜன்னல்களின் தூசியைத் தின்றிருக்கிறாள், ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை.

எட்டேகாலுக்குக் குளிக்கப் போனாள். எட்டரைக்கு உடுத்தித் தயாராகி, தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ம்ஹூம்.

"அம்மா!"

குரல் கேட்டு அம்மா வந்தாள், அப்பா வந்தார், அண்ணன் பல் தேய்த்தபடி வந்தான். அப்பா தோளால் ஒரு முட்டு முட்டினார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோளுக்கு ஆயிற்று. அடுத்த தெருத் தச்சருக்குப் போன் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் கருவிப் பையோடு வந்துவிட்டார். வந்தவர் உளியை எடுத்துக் கதவு நிலையில் வைத்த சத்தம் உள்ளே கேட்டதுதான் தாமதம்.

"மாமா, உளி வைக்காதீங்க! முதல்ல போட்டோ எடுக்கணும்!"

"போட்டோவா? பாப்பா, நீ உள்ளே மாட்டிட்டிருக்கே."

"உடைஞ்சப்புறம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அண்ணா, நாலு பக்கமும் எடு."

"கதவுக்கு ஏதுடி நாலு பக்கம்? இருக்கறதே ரெண்டு. அதுல ஒண்ணுல நீ இருக்கே" என்றான் அண்ணன். ஆனாலும் எடுத்தான். தங்கையாயிற்றே.

"கீலைக் கழட்டி எடுக்கலாமே மாமா? சேதம் இருக்காது."

"கீல் உள்பக்கம்மா. நீதான் கழட்டணும். திருப்புளி இருக்கா?"

உள்ளே சட்டைப்பையைத் துழாவும் சத்தம் கேட்டது.

"தூரிகை இருக்கு" என்றாள்.

மணி ஒன்பதைத் தாண்டியது. ஒன்பது இருபது பேருந்தை விட்டால் பத்து மணிக்குப் போய்ச் சேர வழியே இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் நூறு வருஷக் கதவு. இரண்டு மாதம் 'தொடாதே' என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாயால் எப்படி 'உடை' என்று சொல்வது? கதவின் மேல் நெற்றியை வைத்தபடி, "நூறு வருஷம் யாரும் உடைக்கலையே மாமா" என்றாள்.

"எது நூறு வருஷம்? இந்தக் கதவா?" வெளியே தச்சர் சிரித்தார். "இதை நான்தானே பாப்பா போட்டேன். பதினெட்டு வருஷம் இருக்கும். நீ இத்தனூண்டு, மரத்தூளை வாரி வாயில போட்டுக்கிட்டே. உங்கம்மா என்னைத்தான் திட்டினாங்க."

"ஆமாமா, திட்டினேன்" என்றாள் அம்மா. அப்பா கதவில் ஒட்டியிருந்த பதினேழாம் எண் சீட்டை மெல்ல உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தாழ்ப்பாளும் நீங்க போட்டதுதானா?"

"அது பழைய இரும்புக் கடையில வாங்கினது. அதுக்கு எத்தனை வயசோ, யார் கண்டா."

உள்ளே இருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு தீர்ப்பு வந்தது.

"தாழ்ப்பாளை விட்டுட்டுக் கதவை உடைங்க."

பத்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, தலையில் மரத்தூளோடு அவள் மண்டபத்தில் நுழைந்தாள். தபால் கட்டடத்து ஜன்னல்களைப் பற்றி நன்றாகவே பேசினாள். கடைசிப் படம் ஒன்று பாக்கி. ஒவ்வொருவரும் தாங்களே கண்டெடுத்த ஒரு பழைய பொருளைக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுடையது என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். திரை முழுக்கக் குளியலறைக் கதவு, கீழே 'நூறு ஆண்டுகளுக்கு மேல்' என்று கொட்டை எழுத்து. குழுவில் இருந்த மூத்த உறுப்பினர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பார்த்ததுமே நினைச்சேன். நூத்திருபதுக்குக் குறையாது" என்றார்.

தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"பதினெட்டு வருஷம்தான் சார்" என்றாள். "நான் எழுதினது தப்பு. போட்டவரே இன்னிக்குக் காலையில வந்து சொன்னாரு. எங்கப்பா முன்னாடியே சொன்னாரு, நான்தான் நம்பலை. அந்தக் கதவும் இப்ப இல்லை. நான் உள்ளே மாட்டிக்கிட்டேன், உடைக்கச் சொல்லிட்டேன்."

மூத்த உறுப்பினர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இயக்குநர் அம்மாள் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை வந்து வேலையில சேரு. அந்தப் பலகை எந்த இடத்துல பிளந்துச்சு?"

"நடுவுல, மேடம்."

"பலகையைத் தூக்கிப் போட்டுடலையே? வரும்போது எடுத்துட்டு வா. பதினெட்டு வருஷத்து மரம் எப்படிப் பிளக்குதுன்னு பார்க்கணும்."

அவள் சந்தோஷத்தில் படியிறங்கி ஓடிவந்து வீட்டுக்குப் போன் போட்டாள். வேலை கிடைத்ததை முதலில் சொன்னாளா? இல்லை. "அம்மா, அந்தப் பலகையை யாரும் தொடாதீங்க!" என்றுதான் கத்தினாள். வேலை கிடைத்த சேதியை அம்மா கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

சிரிக்கிறீர்கள். நான் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை, எனக்கென்ன என்கிறீர்கள். நல்லது. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் மாதம், புது வேலையில் சேர்ந்த முதல் மாதம், முதல் குழந்தையை வளர்த்த முதல் மாதம், இதில் ஏதாவது ஒன்றில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.