நாற்பது டயப்பரும் ஒரு கப்பலும்

இரண்டரை வயது இரட்டைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உல்லாசக் கப்பலில் போகலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். இதை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. இத்தனை நாளும் யாராவது கேட்டால், "பவிதான் ஆசைப்பட்டா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பவி என்கிற பவித்ரா என் மனைவி. அவள் ஆசைப்பட்டது கப்பலுக்கு இல்லை. அதைவிட ரொம்பச் சின்ன விஷயத்துக்கு.

நாங்கள் இருப்பது கல்பாக்கத்தில், ஊழியர் குடியிருப்பில். நான் அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். (உடனே விஞ்ஞானி என்று நினைத்து எழுந்து நின்றுவிடாதீர்கள். நாற்காலி, மேஜை, பேப்பர் வாங்கிப்போடும் பிரிவு. அணுவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.) பவிக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. வாரம் முழுக்க பஸ்ஸும் மீட்டிங்கும். வீட்டுக்கு வந்தால் முகிலும் கயலும். முகில் ஓடுவான். கயல் கடிப்பாள். இரண்டு பேரும் அவரவர் தொழிலில் நேர்மையானவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். பவி மணலில் உட்கார்ந்து நாலு நிமிடம் ஆகியிருக்காது, முகில் ஒரு குதிரையின் காலை நோக்கி ஓட ஆரம்பித்தான். நான் அவன் பின்னால் ஓடினேன். அந்த இடைவெளியில் கயல் பக்கத்துக் குடும்பத்துப் பெரியவர் தின்றுகொண்டிருந்த மாங்காய்ப் பத்தையைக் கடித்துவிட்டாள். பத்தை அவர் விரலில் இருந்தது. விரலையும் சேர்த்துத்தான் கடித்திருந்தாள். பவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சூரியன் மறைந்துவிட்டது.

காரில் திரும்பும்போது பவி சொன்னாள்: "ஏங்க, எனக்கு நகை வேணாம், புடவை வேணாம். ஒரு மணி நேரம் வேணும். ஒருத்தரும் அம்மான்னு கூப்பிடாம கடலைப் பாத்துக்கிட்டு உக்காரணும். அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சோர்ந்துபோய்ச் சொன்னாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த ஒரு மணி நேரத்தை இவளுக்கு எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

இங்கே ஒரு சாதாரணப் புருஷன் என்ன செய்திருப்பான்? அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, "நீ மட்டும் கடற்கரைக்குப் போயிட்டு வா" என்று சொல்லியிருப்பான். வேலை முடிந்தது. ஆனால் நான் யோசிக்கிற ஆள். கடற்கரையின் குறை என்ன என்று யோசித்தேன். அதற்குச் சுவர் இல்லை. சுவரும் இருக்க வேண்டும், கடலும் தெரிய வேண்டும். அப்படிப் பார்த்தால் கப்பல்தான் சரி. "முகில் ஓடினா எங்கதான் ஓடுவான்? சுத்தியும் கடல்தான்" என்று பவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தில் இருக்கும் பயங்கரம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் கடைசியில் சம்மதித்தாள்.

சென்னையில் ஏறி இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குகிற பயணம். பெட்டி கட்டியதும் நான்தான். நாற்பது டயப்பர், பருப்புப் பொடி, நெய், ஒரு குட்டி ரைஸ் குக்கர். (குக்கரைத் துறைமுகத்துப் பரிசோதனையிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏதோ வெடிகுண்டைத் தூக்குகிற மாதிரி இரண்டு பேர் தூக்கிப் போனார்கள்.) கோவளம் தாண்டும்போது முகில் காரில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு கப்பல் வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

கப்பலில் நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண் ஓர் அட்டையை நீட்டி இங்கிலீஷில் நிறையச் சொன்னாள். "இது ரொம்ப முக்கியம் சார்" என்று கடைசியில் தமிழிலும் சொன்னாள். நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் என் கவனமெல்லாம் முகிலின் சட்டைக் காலரில் இருந்தது. அட்டையைக் கயலிடம் கொடுத்தேன். லிஃப்ட் வருவதற்குள் முக்கியமான பாதியை அவள் தின்றுவிட்டாள்.

எங்கள் அறை கப்பலின் நடுவில், ஜன்னல் இல்லாத அறை. பையை வைத்த கையோடு என் வாழ்க்கையின் மிகப் பெருந்தன்மையான வசனத்தைச் சொன்னேன்.

"பவி, நீ மேல போ. கடல் பக்கமா உக்காரு. ஒரு மணி நேரம். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத. இவங்களை நான் பாத்துக்கறேன்."

அவள் கண் கலங்கும், ஒரு நன்றி சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அறைச் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போனைக்கூடக் கட்டில்மேல் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கால் மணி நேரம் கழித்து சைரன் அடித்தது.

இங்கே எங்கள் குடியிருப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அணு உலையில் கசிவு வந்தால் என்ன செய்வது என்று அங்கே அவ்வப்போது அபாய ஒத்திகை நடக்கும். சைரன் ஏறி இறங்கி ஊளையிட்டால் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஃபேன், ஏ.சி.யை நிறுத்தி, இடுக்குகளில் ஈரத்துணி வைத்து அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரே சீராக நீளமாக ஊதினால் முடிந்தது, வெளியே வரலாம். எங்கள் பிளாக்குக்கு இந்த விஷயத்தில் பொறுப்பாளர் அடியேன். யாரும் என்னைக் கெஞ்சவில்லை, கூட்டத்தில் நானே கை தூக்கினேன். ஒத்திகை அன்றைக்கு மாடி மாடியாக ஏறி, யார் வீட்டு ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்று குறித்துக்கொண்டு வருவேன். என் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சைரன் கேட்டு வளர்ந்தவர்கள். சைரன் அடித்தால் சத்தம் போடாமல் உட்கார வேண்டும், நீள சைரன் வந்தால் சாக்லேட் உண்டு என்பது அவர்களுக்கு அத்துப்படி.

கப்பல் சைரன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விட்டு விட்டு ஏழெட்டுத் தடவை அடித்து, கடைசியில் கொஞ்சம் இழுத்தது. இது ஏதோ புது மாதிரி ஆபத்து என்று எடுத்துக்கொண்டேன். கப்பலில் அணு உலை ஏது, நடுவில் கல்பாக்கம் எங்கே வந்தது என்றெல்லாம் என் புத்தி கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் கை ஏ.சி.யை நிறுத்திவிட்டது.

கதவைத் தாழிட்டேன். குளியலறைத் துண்டுகளை நனைத்துக் கதவடியில் திணித்தேன். கூரையில் காற்று வரும் ஓட்டைகள் நாலு இருந்தன. அடைக்க என்ன இருக்கிறது? நாற்பது டயப்பர் இருக்கிறது. அதில் ஒட்டுவதற்கு வசதியாகக் காதும் வைத்திருக்கிறான் புண்ணியவான். கட்டில்மேல் ஏறி நின்று ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். அந்த நாலில் ஒன்று காற்று ஓட்டை இல்லை, அறிவிப்பு வருகிற ஸ்பீக்கர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குமேல் ஆறு டயப்பர் இருந்ததால், கப்பல்காரர்கள் எனக்குச் சொன்னதெல்லாம் "முமு முமு" என்றுதான் கேட்டது. "மாடு" என்றாள் கயல். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முகிலும் கயலும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்துக்கொண்டார்கள். ஓடவில்லை, கடிக்கவில்லை. ஆனால் பவி வெளியே இருக்கிறாளே. அவள் போனுக்கு அடித்தால் என் பக்கத்திலேயே அடிக்கிறது. அவளுக்கும் ஒத்திகை தெரியும், கிட்டத்தில் எங்காவது உள்ளே போயிருப்பாள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்றைக்கு நான் ரொம்பப் பயந்துபோயிருந்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. கதவைத் தட்டினார்கள்.

"சார், கதவத் தொற சார். நான் காதரு, ரூமு சுத்தம் பண்றவன்."

"முதல்ல நீங்க ஒரு ரூமுக்குள்ள போங்க. வெளியில நிக்கக் கூடாது" என்று கத்தினேன்.

"நான் இன்னாத்துக்கு சார் உள்ள போவணும்? நீதான் வெளிய வரணும். சைரன் அடிச்சா அல்லாரும் மேல வரணும், தலை எண்ணணும், அப்பாலதான் கப்பலு கெளம்பும். அல்லாரும் வந்துட்டாங்க. உன் ரூம்ல மட்டும் மூணு தலை கொறையுது."

"நீள சைரன் அடிக்காம திறக்க மாட்டேன்."

"இன்னா நீளம்?"

"ஒரே சீரா அடிக்கணும். அடிச்சுதா?"

பிறகு காதர் குரலை இறக்கிக் கேட்டார்: "சார், நீ கல்பாக்கமா?"

"ஆமா."

"அதான பாத்தேன். நான் கோவளம் சார். என் தங்கச்சிய உன் ஊராண்ட சதுரங்கப்பட்டினத்துலதான் குட்த்துகீது. ஒரு தபா அவ வூட்டுக்குப் போனா, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கினு உள்ள குந்திகினுகீறாங்க. பேஜாராப் பூட்ச்சி எனுக்கு. சார், இது அது இல்ல சார். இது கப்பலு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றேன். அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் பொறுப்பாளர் என்கிற கௌரவம் தடுத்தது.

காதர் ஒரு பெருமூச்சு விட்டது கதவு வழியாகக் கேட்டது. அதற்குப் பிறகு அந்த நாற்பது வயது மனிதர், கப்பல் சீருடையில், நடைவழியில் நின்றுகொண்டு, வாயாலேயே சைரன் ஊதினார். ஒரே சீராக, நீளமாக, நடுவில் ஒரே ஒரு தடவை மூச்சு வாங்கி, மறுபடியும் விட்ட சுருதியிலேயே பிடித்து ஊதினார். இன்றுவரை அவ்வளவு சுத்தமான தொடர் சைரனை நான் கேட்டதில்லை.

நான் கௌரவத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். கயல் ஈரத்துண்டை இழுத்துப் போட்டாள். முகில் தாழ்ப்பாளைத் திருகினான். கதவு திறந்தது. இரண்டு பேரும் காதரைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். சாக்லேட்டுக்கு.

மேல் தளத்தில் மொத்தக் கப்பலும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. என் சட்டை நனைந்திருந்தது. தோளில் ஒரு டயப்பர் ஒட்டியிருந்ததை யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருவர், "இவராலயா?" என்று மனைவியிடம் கேட்டார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். கப்பல் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. காரணம் "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்று கேப்டன் அறிவித்தார். மனுஷன் தங்கமானவர்.

பவி ஓர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவமானத்தில் இறுகிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன். "பவி, உன் ஒரு மணி நேரத்தையும் கெடுத்துட்டேன்" என்றேன். "பரவால்ல, விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் நான் போகிற இடமெல்லாம் ஒரே கிண்டல். சாப்பாட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள், "வாங்க சார், கதவு தொறந்துதான் இருக்கு" என்றார்கள். ஊர் திரும்பிய பிறகும் குற்ற உணர்ச்சி போகவில்லை. ஒரு வருஷம் பாத்திரம் தேய்த்தேன். பவி வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

உண்மை வெளியே வந்தது பிள்ளைகளின் நாலாவது பிறந்தநாளில். விருந்தாளிகளிடம் இந்தக் கதையை நான் ஐம்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பாவம் பவி, அன்னிக்கு எப்படிப் பதறியிருப்பா" என்று முடித்தேன். கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நான் எங்க பதறினேன்? சைரன் அடிச்சவுடனே தெரிஞ்சுபோச்சு, நீங்க உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருப்பீங்கன்னு."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"ஆபீசர் வந்து கேட்டாரு. பிள்ளைங்க விளையாடற இடத்துல இருப்பாங்கன்னு சொன்னேன். அங்க போய்த் தேடினாங்க. அப்புறம் சாப்பாட்டுக் கூடம்னு சொன்னேன். அங்கயும் தேடினாங்க. லிஸ்ட் எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரூம் நம்பரும் கேட்டாங்க. சாவி அட்டையைப் பையில தேடிப் பாக்கறேன்னு சொன்னேன்."

"கிடைக்கலையா?"

"கையிலதான் இருந்துது."

வீடே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது சுமார் ஒரு நிமிடம் இருந்தது. அவள் சொன்னாள்: "பிள்ளைங்க உங்ககிட்ட பத்திரமா இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் கதவை நீங்க யாருக்கும் திறக்க மாட்டீங்கன்னும் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நிம்மதியா உக்காந்தேன்." நான் தேய்த்த பாத்திரங்களுக்கு என்ன கணக்கு என்று கேட்க நினைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிறு சாயந்தரம் பவி காபியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள்: "சைரன்." நாங்கள் மூன்று பேரும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நேரம் முடிந்ததும் அவளே வாயால் நீளமாக ஊதுவாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தால் அவர்களும் உள்ளேதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஊதவில்லை. முகில் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா மறந்துட்டாங்களாப்பா?" என்றான்.

நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தேன். டம்ளர் காலியாக இருந்தது. பவி காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லடா, இன்னும் ஆபத்து தீரல" என்று சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.